ஒரே குழந்தை, பல வெப்பநிலைகள்

காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ஆனால் இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தையிடம் அந்தக் கை ஏமாந்துவிடும். கைகால் ஜில்லென்று இருக்கும், உள்ளே உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் உண்மையான சூட்டை எங்கே அளப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிச் 1868இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த பல லட்சம் அளவுகள் அதற்கு ஆதாரம். 37 டிகிரி செல்சியஸ் இயல்பான சூடு என்ற கணக்கு அதிலிருந்துதான் பரவியது. அன்றைய தெர்மாமீட்டரை ஒரு தடவை பார்க்கவே கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆல்பட் ஆறு அங்குலக் கருவியை உருவாக்கி, அந்த நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தார்.

அதுவரை தெர்மாமீட்டர் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி. 1952 செப்டம்பர் 2 அன்று அது உயிரைக் காக்கும் கருவியும் ஆனது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தின் உட்சுவரில் ஓட்டை. குளிர்ந்த உடம்புக்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும் என்பதை கனடாவின் பிகிலோ நாய்களிடம் ஆய்வு செய்து காட்டியிருந்தார். அதை நம்பி டாக்டர் ஜான் லூயிஸ் சிறுமியின் உடலை 28 டிகிரிக்குக் குளிர வைத்தார். இதயத்துக்குள் ரத்தம் வருவதைச் சுமார் ஐந்தரை நிமிடம் நிறுத்தி, ஓட்டையைத் தைத்து முடித்தார். சிறுமி பிழைத்தாள். இன்னும் சில டிகிரி இறங்கியிருந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றிருக்கக்கூடும்.

1953இல் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். பிறகு ரத்தத்தையே இயந்திரத்தில் குளிரவைத்துச் சூடேற்றும் முறை வந்தது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது. ரத்தம் நிறையப் பாயும் மூளை சீக்கிரம் சூடாகிறது, மலக்குடல் மெதுவாகத்தான் சூடாகிறது. ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் பல வெப்பநிலைகள்! கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு கடையின் மொத்தச் சொத்தும் இவ்வளவுதான் என்று சொல்ல முடியுமா?

1970இல் ஸ்வான், கான்ஸ் என்ற இருவர் அறிமுகப்படுத்திய குழாய் நுரையீரல் தமனி வரை செல்லும். உடம்பு முழுவதும் சுற்றிய ரத்தம் அங்கே கலப்பதால், அங்கே எடுக்கும் அளவே மற்ற முறைகளுக்கு உரைகல். ஆனால் சிறு குழந்தைகளுக்கு அந்தக் குழாயைப் போடுவது அபூர்வம். உணவுக்குழாயில் வைக்கும் கருவி அந்த அளவை நெருங்கும். சிறுநீர்ப்பையிலும் அளக்கலாம், ஆனால் சிறுநீர் குறைந்தால் அளவு பிந்தும். காதில் அளப்பது நொடியில் முடிந்தாலும், கருவியின் முனை சற்றே திரும்பினால் எண் மாறிவிடும். தோலுக்கு ரத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் அக்குள் அளவு உள்சூட்டைக் குறைத்துக் காட்டும்.

இது வெறும் எண் சண்டை அல்ல. அறுவைக்குப் பின் சில குழந்தைகளின் இதயம் கட்டுக்கடங்காத வேகத்தில் துடிக்கும். காய்ச்சல் அதை மோசமாக்கும் என்பதால் உடலைச் சுமார் 35 டிகிரிக்குக் குளிர்விப்பதும் சிகிச்சையில் ஒன்று. தவறான இடத்தில் அளந்தால் அந்தச் சிகிச்சையே தவறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 'தவறான' இடமும் பயன்படுகிறது. கால் பெருவிரல் குளிர்வது ரத்த ஓட்டம் குறைவதன் அடையாளம் என்று 1969இல் ஜோலி, வெய்ல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். உள்சூடு ஏறும்போது விரல் சூடு இறங்கினால், இதயம் திணறுகிறதோ என்று மருத்துவர்கள் உஷாராகிறார்கள்.

ஆகவே "எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்விதான். "எங்கே அளந்தது?" என்பதே மீதிப் பாதி.