மரபணு ஆய்வுக்கு இரத்தம் கேட்டு வந்தால்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

சர்க்கரை நோய், மாரடைப்பு போன்றவை ஒருவருக்கு வருமா என்பதில் உணவுக்கும் பழக்கத்துக்கும் பங்கு இருப்பதுபோல், பெற்றோர் வழியாக வந்த மரபணுவுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்று அறிய நோயாளிகள் மட்டும் போதாது, நோயில்லாதவர்களும் வேண்டும். இரு தரப்பையும் ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். அதனால்தான் ஆய்வாளர்கள் மருத்துவமனையைத் தாண்டி ஊருக்குள்ளும் வருகிறார்கள்.

நம் மக்கள் பங்கேற்றதால் கிடைத்த பலனுக்கு ஓர் உதாரணம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சிசிஎம்பி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் ஒரு மரபணு மாற்றத்தைப் பற்றி 2009இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் 107 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில், சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருந்தது. ஐரோப்பியர்களை மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டமும் இதே தேவையிலிருந்து பிறந்தது. 20 நிறுவனங்கள் இணைந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் பதிவு செய்தன. 2025 ஜனவரியில் அத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

எப்படி அழைக்கிறார்கள்?

சிகிச்சைக்கு வருபவர்களிடம் மருத்துவர் கேட்பது ஒரு வழி. வீடு வீடாகச் சென்று கேட்பது, முகாம் நடத்துவது, ஊர்ப் பெரியவர்கள் மூலம் அழைப்பது மற்ற வழிகள். லண்டனில் 2015இல் தொடங்கிய 'ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்' ஆய்வு, பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரைப் பள்ளிவாசல்களிலும் கடைத்தெருக்களிலும் சந்தித்து அழைத்தது. சிறிதளவு உமிழ்நீரும், மருத்துவப் பதிவுகளைப் பார்க்க அனுமதியும் கேட்டது. 50,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் அவர்களிடையே இருப்பதும் ஆய்வாளர்கள் அச்சமூகத்தை நாடியதற்கு ஒரு காரணம். அவ்வழக்கம் நம் தமிழகத்திலும் உண்டு.

கையெழுத்துக்கு முன்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் தன்னார்வலருக்குச் சில உரிமைகளைத் தருகின்றன:

• ஆய்வு பற்றிய விளக்கத் தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; ஒப்புதல் படிவத்தின் நகலும் தரப்பட வேண்டும்.
• எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆய்வைச் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும்.
• எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அவருக்குரிய சிகிச்சை குறையக் கூடாது.
• பயணச் செலவும் இழந்த கூலியும் தரலாம். ஆசை காட்டிச் சம்மதம் வாங்கக் கூடாது.

இவற்றோடு மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்வோம். முடிவை எனக்குச் சொல்வீர்களா? மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? வேறு ஆய்வுக்கும் கொடுப்பீர்களா?

இலவசப் பரிசோதனை என்று எண்ணிக் கை நீட்டுவோர் நம்மில் பலர். ஆய்வு என்பது சிகிச்சை அல்ல. பல ஆய்வுகளில் தனிநபருக்கு முடிவு தரப்படுவதில்லை. அப்படித் தரப்பட்டாலோ, அது ஒருவரோடு நிற்காது. அண்ணனுக்கு இருப்பது தங்கைக்கும் இருக்கலாம். வெளியில் கசிந்தால் ஒரு பெண்ணின் சம்பந்தமே முறியலாம். மரபணுக் கோளாறு என்ற பொதுக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

ஜமாஅத்தின் பங்கு

பெண்ணாடம், விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு ஒரு குழு வந்தால் முதலில் ஜமாஅத் தலைவரையோ ஊர்ப் பெரியவரையோதான் தேடும். இடம் கொடுக்கலாம், அறிவிப்பும் செய்யலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவர்கள் கடமை. ஆனால் தலைவரின் சம்மதம் ஊராரின் சம்மதம் ஆகாது. கணவரின் சம்மதம் மனைவியின் சம்மதம் ஆகாது. ஒவ்வொருவரையும் தனியே கேட்க வேண்டும். மறுத்தவரை யாரும் குறை சொல்லக் கூடாது.

நாம் கொடுக்கும் ஒரு துளி இரத்தம் பிற்காலத்தில் பலருக்குப் பயன்படலாம். அதை வாங்குபவர் கையில் அது அமானிதம். கொடுப்பவர் அறிந்து கொடுக்க வேண்டும். வாங்குபவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.