ஸ்கூல் கோச்சுக்கும் நேஷனல் விருது!

அமெரிக்காவில் 'சாக்கர்' என்றால் நம்ம கால்பந்துதான். அங்கே ஹைஸ்கூல் டீம்களைத் தயார் செய்யும் கோச்சுகளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது, 1941-ல் தொடங்கிய 'யுனைடெட் சாக்கர் கோச்சஸ்' அமைப்பு. ஆண்கள் டீம், பெண்கள் டீம் இரண்டுக்கும் தனித்தனி விருதுகள்.

சரி, எதை வைத்து ஒருத்தரை 'பெஸ்ட் கோச்'னு சொல்றது? வெற்றிக் கணக்கு மட்டும்தான் என்றால், செயின்ட் லூயிஸின் டெர்ரி மிச்லர் 1,000 மேட்ச்களுக்கு மேல் ஜெயித்தவர். கிட்ட நெருங்கவே முடியாது!

ஆனா, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் கதை வேற. அந்தப் பழைய மில் நகரத்துக்கு 2001 முதல் சோமாலிய அகதிகள் வரத் தொடங்கினார்கள். 'இனி வர்றதைக் குறைச்சுக்கோங்க' என்ற ரீதியில் 2002-ல் மேயரே கடிதம் எழுதினார். ஊரே ரெண்டுபட்டது. ஹைஸ்கூல் கோச் மைக் மெக்ரா, அந்த வீட்டுப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பசங்களையும் ஒரே டீமாக ஆட வைத்தார். உடனே கோப்பை வந்துடல. அவர் கோச்சாகி 30 வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, 2015-ல் ஸ்கார்பரோ டீமை 1-0 என வீழ்த்தி, பள்ளிக்கு முதல் மாநில சாம்பியன் பட்டம்!

ஏமி பாஸ் 2018-ல் எழுதிய 'ஒன் கோல்' புத்தகம் இந்த டீமைப் பற்றியதுதான். என்னைக் கேட்டால், அதுவும் அந்த கோச்சுக்குக் கிடைத்த விருதுதான்.