ஆவுளியா காப்பகம் பிறந்த கதை

மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையருகே கடலில் விழுகிறது. அங்கிருந்து தெற்கே போய்க் கோடியக்கரையைச் சுற்றினால் பாக் விரிகுடா. ஆழமும் அலையும் குறைந்த கடல் அது. அடியில் புல் வளர்கிறது. அந்தப் புல்லை மேயும் விலங்கை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குக் கடல் பசு என்று பெயர்.

ஆவுளியா ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். பாலூட்டி என்பதால் சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒன்று போனாலே பெரிய இழப்பு. ஒரு காலத்தில் இறைச்சிக்காகவும் பிடித்தார்கள். இந்தியக் கடல்களில் இன்று எஞ்சியிருப்பவை 240 அளவில்தான் என்பது கணிப்பு. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கரையோரம் இருக்கின்றன.

கடல் உயிர்களைக் காக்க 1986இல் பக்கத்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தபோது, முதலில் எல்லையைப் போட்டுவிட்டுத்தான் மக்களிடம் பேசினார்கள். தீவோரம் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்த வழி அடைபட்டது. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை, தீராததில் நியாயமும் இருக்கிறது.

பாக் விரிகுடாவில் வேலை வேறு மாதிரி தொடங்கியது. 2016இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆவுளியா மீட்புத் திட்டத்தோடு வந்தபோது, முதலில் மீனவர்களைத்தான் தேடிப் போனது. வேறு வழியும் இல்லை. கலங்கிய நீரில் மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிட்டு மறையும் விலங்கை, தினமும் கடலில் இருப்பவர்தானே பார்க்க முடியும்? எங்கே, எப்போது, குட்டியோடா தனியாகவா என்று அவர்கள் சொன்ன தகவல்கள் சேரச் சேர, ஆவுளியா எங்கே மேய்கிறது என்பது தெரிய வந்தது. புல்தரையில் அது மேய்ந்துபோன நீண்ட தடங்களும் அதற்குச் சாட்சி. மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கிடைத்தது.

தஞ்சைக் கரையில் ஓம்கார் அமைப்பினர், புல் அழிந்த இடங்களில் மீனவர்களோடு சேர்ந்து மறுநடவு செய்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் புல் நாற்றுகளைக் கையால் முடிந்து, கடலடியில் பதிக்கிறார்கள். வேர் பிடிக்கும்வரை நீரோட்டம் நாற்றை அடித்துக்கொண்டு போகாமல் கயிறு தாங்கும். நாளாவட்டத்தில் மூங்கிலும் நாரும் மக்கிவிடும்.

வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களும் உண்டு. வலை என்பது கடன் வாங்கி வாங்கிய முதல். அதை அறுக்க எவ்வளவு மனசு வேண்டும்! அவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்தது.

2021இல் காப்பகம் அமைப்பதாகத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2022 செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் நாட்டின் முதல் கடல் பசு காப்பகமாயிற்று. வனவிலங்குச் சட்டத்தின் 36ஏ பிரிவில் அறிவிக்கப்பட்டது என்பதுதான் இதில் முக்கியம். உள்ளூர் மக்களைக் கலந்துபேசிய பிறகே அறிவிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் சட்டம் இடம் தருகிறது. மீன்பிடித் தொழிலுக்குப் புதிய தடை எதுவும் வராது என்று அரசும் உறுதி சொன்னது.

2025இல் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்க மாநாடு இந்தக் காப்பகத்தை அங்கீகரித்தது. ஆனால் ஆவுளியா புல் இருக்கும் இடமெல்லாம் போகும். தொண்டிப் பக்கம், ராமநாதபுரம் கடலிலும் அது மேய்கிறது. அந்தக் கடல் இந்த 448க்குள் வரவில்லை. அங்கே வலையில் ஒன்று மாட்டினால், அறுத்துவிடுவதா வேண்டாமா என்பது இன்றும் அந்தப் படகில் இருப்பவர் கையில்தான்.