கட்டுமான மண் ஆய்வும் நிலநடுக்கமும்

கட்டுமான மண் ஆய்வு என்பது ஓரிடத்தில் கட்டடம் எழுப்புவதற்கு முன்னர், அங்குள்ள மண் அடுக்குகளின் வகை, தடிப்பு, உறுதி, நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றை அறியும் பொறியியல் செயற்பாடு ஆகும். மண் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதோடு, நிலம் அதிரும்போது அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும் அறிவது நிலநடுக்கப் பொறியியலின் ஒரு பகுதியாகும். ஒரே நிலநடுக்கத்தில் ஒரு நகர் பெரிதும் அழிவதற்கும் மற்றொன்று தப்புவதற்கும் தொலைவு மட்டும் காரணம் அன்று. அடியில் உள்ள மண்ணும், மேலே உள்ள கட்டடத்தின் தரமும் காரணங்களாகும்.

மண்ணின் பங்கு

நிலநடுக்கத்தின்போது மண் மூன்று வகைகளில் சேதத்தை அதிகரிக்கக் கூடும்.

1. அதிர்வுப் பெருக்கம்: கடினமான பாறையில் விரைந்து செல்லும் அதிர்வலை, மென்மையான மண்ணுள் நுழையும்போது வேகம் குறைகிறது. வேகம் குறையும்போது அதன் வீச்சு கூடுகிறது. எனவே பாறை மீதுள்ள வீட்டைவிட ஆழமான வண்டல் மீதுள்ள வீடு அதிகமாக ஆடுகிறது.

2. ஒத்ததிர்வு: ஒவ்வொரு மண் அடுக்குக்கும் இயல்பான அலைவு நேரம் உண்டு. அடுக்கின் தடிப்பை நான்கால் பெருக்கி, குறுக்கலையின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 50 மீட்டர் தடிப்புள்ள மண்ணில் அலையின் வேகம் நொடிக்கு 200 மீட்டர் எனில், அலைவு நேரம் 1 நொடி. ஏறத்தாழப் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் அலைவு நேரமும் இதை ஒட்டியதே. இரண்டும் ஒத்துப்போனால் கட்டடத்தின் ஆட்டம் பன்மடங்காகும். 1985 செப்டம்பர் 19 அன்று 350 கிலோமீட்டருக்கும் அப்பால் தோன்றிய நிலநடுக்கம், பழைய ஏரிக் களிமண் மீது அமைந்த மெக்சிக்கோ நகரைச் சிதைத்தது இவ்வாறே.

3. மண் நீர்மமாதல்: நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுக்கப்படும்போது, மணற்துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் உயர்கிறது. துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் நிலை இழந்து, மணல் குழம்பு போல ஆகிவிடுகிறது. 1964இல் சப்பானின் நிகாட்டா நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அதிகம் உடையாமலேயே சாய்ந்து விழுந்தன.

2001 குஜராத் நிலநடுக்கம்

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு கட்ச் மாவட்டத்தில் ஏற்பட்ட, ஏறத்தாழ 7.7 அளவுள்ள நிலநடுக்கத்தில், அரசுக் கணக்கின்படி 13,800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறண்ட பாலை நிலமான கட்ச்சில் 1819இலும், 1956இல் அஞ்சாரிலும் பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்திருந்தன. மண்ணும் கட்டடமும் வெவ்வேறாக அமைந்த மூன்று இடங்களில் 2001இல் ஏற்பட்ட விளைவுகளை ஒப்பிடலாம்.

புஜ்: இந்நகர் பெரும்பாலும் மணற்பாறை மீது அமைந்தது. எனினும் பழைய நகரில் ஒழுங்கற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய வீடுகள் இடிந்து வீழ்ந்தன. நல்ல நிலம் இருந்தும் பலவீனமான கட்டுமானம் உயிர்களைக் காக்கவில்லை.

கண்ட்லா துறைமுகம்: களிமண்ணுக்குக் கீழே மணல் அடுக்கு உள்ள கடலோர நிலம் இது. இங்கு 18 மீட்டர் நீளமுள்ள பைல்கள் மீது நின்ற துறைமுக, சுங்க அலுவலகக் கோபுரம் மண் நீர்மமானதால் சாய்ந்தது. கட்டடம் உடையவில்லை; நிலம் விலகிவிட்டது.

அகமதாபாத்: நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், சபர்மதி ஆற்றின் ஆழமான வண்டல் மீது உள்ள, வேகமாக வளர்ந்த நகர். தரைத்தளத்தில் வாகனங்களுக்காகச் சுவரின்றித் தூண்கள் மட்டும் கொண்ட பல அடுக்குமாடிகள் இங்கு இடிந்தன. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆய்வு முறைகள்

இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுவது நியம ஊடுருவல் சோதனை ஆகும். துளையின் அடியில் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோகிராம் எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்வர். முதல் 15 சென்டிமீட்டர் இறங்கத் தேவைப்படும் அடிகள் கணக்கில் வாரா. அடுத்த 30 சென்டிமீட்டருக்குத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கையே 'என் மதிப்பு' எனப்படும். குழாயில் கிடைக்கும் மண் மாதிரி ஆய்வகத்தில் சலித்து வகைப்படுத்தப்படுகிறது.

மற்றொரு முறையில், தரையில் வரிசையாக அதிர்வுணரிகளைப் பதித்து, ஓரிடத்தில் சம்மட்டியால் அடித்து, அலை செல்லும் வேகம் அளக்கப்படுகிறது. மேல் 30 மீட்டர் மண்ணில் குறுக்கலையின் சராசரி வேகத்தைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்துவது பல நாடுகளின் வழக்கம்.

இந்தியத் தரவிதிகள்

ஐ.எஸ். 1893 தரவிதியின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு, என் மதிப்பு 30க்கு மேற்பட்டவற்றைக் கடின மண் என்றும், 10 முதல் 30 வரை நடுத்தர மண் என்றும், 10க்குக் குறைந்தவற்றை மென்மண் என்றும் பிரித்தது. அதன்படி 1 நொடி அலைவு நேரமுள்ள கட்டடத்தை மென்மண்ணில் எழுப்பினால், கடின நிலத்தில் எழுப்புவதைவிட 67 விழுக்காடு கூடுதலான விசைக்கு வடிவமைக்க வேண்டும். மண் ஆய்வு செய்யாமல் இந்த வேறுபாட்டை அறிய இயலாது. மேலும், மூன்றாம் வலயத்திலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் 5 மீட்டர் ஆழம் வரை 15, 10 மீட்டருக்குக் கீழ் 25 என்ற அளவில் என் மதிப்பு இருத்தல் விரும்பத்தக்கது என்றும் கூறப்பட்டது.

தாமிரபரணியின் கீழ்ப்பகுதி

2002 வரைபடத்தில் தாமிரபரணியின் கீழ்ப்பகுதி, அபாயம் குறைந்த இரண்டாம் வலயத்தில் இருந்தது. எனினும் தமிழகம் நிலநடுக்கமே இல்லாத நிலம் அன்று. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலும், 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரியை அடுத்த கடலிலும் நிலநடுக்கங்கள் தோன்றின.

இப்பகுதியில் குறுகிய தொலைவிலேயே மண் மாறுகிறது. ஏரல் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் கொணர்ந்த மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. நெல், வாழைப் பாசனத்தால் நிலத்தில் ஈரம் மிகுதி. ஆற்றுக்குத் தெற்கே குதிரைமொழி முதலிய தேரிகள் செம்மணல் மேடுகளாக உள்ளன. உலர்ந்த தேரி மணல் நீர்மமாகாது. ஆனால் தளர்வாக இருப்பின் அதிர்வில் இறுகி, மேலுள்ள அடித்தளம் சீரற்று அமிழக்கூடும். நீர் நிறைந்த ஆற்று மணலுக்கு நீர்மமாகும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஓர் ஊரின் மண் ஆய்வு முடிவை அடுத்த ஊருக்குப் பயன்படுத்துதல் ஆகாது.

தீர்வுகள்

* மேலுள்ள தளர்ந்த மண்ணை அகற்றி, நல்ல மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்குதல்
* ஆழமான தளர்ந்த மணலை அதிர்வு மூலம் இறுக்குதல் அல்லது சல்லித் தூண்கள் அமைத்தல்
* நீர்மமாகும் அடுக்கைத் தாண்டி உறுதியான அடுக்கு வரை பைல்களை இறக்குதல்
* சிறு வீடுகளில் அடித்தளம், சாளர மேல்மட்டம், கூரைமட்டம் ஆகியவற்றில் சுவர்களைப் பிணைக்கும் கான்கிரீட் பட்டைகள் அமைத்தல்
* அடுக்குமாடிகளில் ஐ.எஸ். 13920 தரவிதிப்படி கம்பிகளை அமைத்தல். தரைத்தளத்தைப் பலவீனமாக விடாதிருத்தல்