பேருந்து நிலையமும் நகர மையமும்: விழுப்புரம், திண்டிவனம் நகரங்களின் மறுசீரமைப்பு குறித்து

நகர மையத்துக்குப் புத்துயிர் அளித்தல் என்று இன்றைய திட்ட ஆவணங்களில் வழங்கும் கருத்து, ஆள் நடமாட்டம் அற்றுப்போய்க் கடைகள் மூடப்பட்ட அமெரிக்க நடுத்தர நகரங்களின் கடைவீதிகளை மீட்கும் தேவையிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் கடைவீதி காலியாகவில்லை. கால் வைக்க இடமின்றி நிரம்பி வழிகிறது. ஆகவே இங்கே மறுசீரமைப்பு என்பது பெரும்பாலும் நெரிசலை வெளியேற்றுவதாகவும், நடைமுறையில் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதாகவும் முடிகிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களின் அனுபவத்தைக் கொண்டு, இந்த இடமாற்றம் போக்குவரத்துப் பொறியியல் சார்ந்த முடிவாக மட்டும் கருதத்தக்கதன்று என்பதையும், அதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் அந்த நகரங்களில் வாக்குரிமை இல்லாத கிராமத்தார் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அமெரிக்க வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பார்ப்பது ஒப்பீட்டுக்கு உதவும். 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், சிதைந்த பகுதிகள் என்று நகராட்சிகள் அறிவித்த இடங்களைக் கையகப்படுத்தி இடிப்பதற்கான நிகரச் செலவில் மூன்றில் இரு பங்கைக் கூட்டரசே ஏற்க வழிசெய்தது. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான பெருஞ்சாலைகளின் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசின் பொறுப்பாக்கியது. இடிப்பதற்கும் சாலை போடுவதற்கும் வெளியிலிருந்து பணம் வந்தபோது நகராட்சிகள் தயங்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959இல் தன் முதன்மைக் கடைவீதியில் கார்களைத் தடைசெய்து நடைவீதியாக்கியது. நாட்டிலேயே முன்னோடி என்று பேசப்பட்ட அந்த வீதியின் ஒரு பகுதியை 1998இல் மீண்டும் கார்களுக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர், நகர மையத்தைச் சுற்றிப் பள்ளத்தில் அமைத்த வளையச் சாலையின் கிழக்குப் பகுதியை 2014 முதல் மண்ணிட்டு நிரப்பி, அந்த நிலத்தை மீண்டும் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் அளித்தது. மையத்துக்கு வருவோர் எவ்வழியில், எந்த ஊர்தியில் வருகிறார்கள் என்பதை மாற்றினால் மையமே மாறிவிடும் என்பதற்கு இவ்விரு நகரங்களும் சான்றாகும்.

மையம் இடம்பெயர்வது விழுப்புரம் வட்டாரத்துக்குப் புதிதன்று. பிரம்மதேசம் என்னும் பெயருடைய ஊர்கள் இம்மாவட்டத்தில் இரண்டு உள்ளன: ஒன்று விழுப்புரத்தை நோக்கி வாழ்வது, மற்றொன்று மரக்காணம் பக்கம் அமைந்து திண்டிவனத்தை நோக்கி வாழ்வது. முதலாவது பிரம்மதேசத்தில் பிரம்மபுரீசுவரர் கோயிலும் பாடலீசுவரர் கோயிலும் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அதை அடுத்துள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்து நடத்திய கல்விச்சாலையைக் குறிப்பிடுகிறது. பதினோராம் நூற்றாண்டில் கல்வியும் தானியமும் நிலக்கணக்கும் இவ்வூர்களில் குவிந்திருந்தன என்பதற்கு அக்கல்வெட்டே போதும். இன்று சாதிச் சான்றிதழுக்கும் சிறப்பு மருத்துவருக்கும் இதே ஊரார் பேருந்து ஏறுகிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்தில் பெரும்பங்கு இருப்புப்பாதையுடையது: 1879இல் புதுச்சேரிக் கிளைப்பாதை திறக்கப்பட்டு, காட்பாடி, மயிலாடுதுறை, விருத்தாசலம் வழித்தடங்களும் வந்து கூடியதால் விழுப்புரம் ஐந்து திசைச் சந்திப்பாயிற்று. 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் இங்கே தலைமையகம் கொண்டதும், 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டத் தலைநகரானதும் அந்த ஈர்ப்பை மேலும் கூட்டின.

2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவு. திண்டிவனத்தின் மக்கள்தொகை முக்கால் லட்சத்தைத் தொடவில்லை. அதே கணக்கில், கள்ளக்குறிச்சி பிரியாத மாவட்டத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஊரகத்தில் வாழ்ந்தனர். இவ்வளவு சிறிய நகராட்சிகளின் கடைவீதிகள் இவ்வளவு நெரிசலாக இருப்பதற்கான காரணம் இந்த இரு எண்களுக்கும் இடையில் உள்ளது. விழுப்புரத்தின் நேருஜி சாலையிலும் பாகர்ஷா வீதியிலும் பொருள் வாங்குவோரில் பெரும்பாலோர் அந்நகரில் உறங்குவோர் அல்லர்.

மாவட்டத் தலைநகரான பின் விழுப்புரத்தில் பழைய பேருந்து நிலையம் போதாமற்போனது உண்மை. வெளியூர்ப் பேருந்துகளுக்கெனப் புதிய நிலையம் ஆட்சியர் அலுவலக வளாகத்தின் பக்கமாக, ஏரி நிலத்தில் எழுந்தது. தனியார் நிலத்தை வாங்குவதென்றால் இழப்பீடும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீளும். ஏரிப் புறம்போக்கு என்றால் ஒரு துறையிடமிருந்து மற்றொரு துறைக்கு நிலமாற்றம் செய்தால் போதும் என்ற நிலையில், பெரிய பரப்பு தேவைப்படும் எந்தப் பொதுக்கட்டடமும் நீர்நிலையை நோக்கிச் செல்வதற்கு நிர்வாகத் தர்க்கம் ஒன்று இருக்கவே செய்கிறது. சென்னையில் தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவாக்கப்பட்டதுதான். ஏரியைப் பராமரிக்கவென்றே தனி வாரியம் தேர்ந்த சதுர்வேதிமங்கலங்களின், அதாவது சோழர் காலப் பிராமண ஊர்களின், நாட்டில் இப்படி நடப்பது வியப்புக்குரியதெனினும், தண்ணீர் வியப்படைவதில்லை; அது பழைய இடத்துக்கே வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்ட, புதிய பேருந்து நிலையம் வெள்ளக்காடாயிற்று. அப்படிப்பட்ட பெருமழை எந்த இடத்தையும் மூழ்கடிக்கும் என்று வாதிடலாம். ஆனால் இந்நிலையத்தில் நீர் தேங்குவதற்குப் புயல் வரை காத்திருக்க வேண்டியதில்லை, வழக்கமான ஐப்பசி மழையே போதும்.

இதற்கிடையிலும் விழுப்புரத்தின் பழைய கடைவீதி படுத்துவிடவில்லை. பழைய பேருந்து நிலையம் மூடப்படாமல் டவுன் பஸ்களுக்கு விடப்பட்டதே இதற்கான முதன்மைக் காரணம் என்று கொள்ளலாம். கிராமத்துக் குடும்பம் ஒன்று திருமணத்துக்குச் சாமான் எடுக்க வரும் நாளைக் கருதினால் இது விளங்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மல்லாட்டை விற்ற பணமோ அடகு வைத்த பணமோ முதலில் நகைக்கடையில் முன்பணமாகிறது. பிறகு ஜவுளி, பிறகு சீர்வரிசைப் பாத்திரம். நடுவில் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாக வேண்டும். எடுத்த துணிமூட்டையை வாடிக்கைக் கடையில் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்து போய், கடைசிப் பஸ்ஸுக்கு முன் திரும்பி வந்து எடுத்துக்கொள்வதே வழக்கம். கடன் சொல்லவும், அளவு மாறினால் மறுவாரம் மாற்றவும் இந்த நெருக்கமே இடந்தருகிறது. இறங்குமிடம் சில கிலோமீட்டர் தள்ளிப்போனால் இந்த வரிசை முழுவதும் ஷேர் ஆட்டோவின் கையில் சிக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆட்டோவுக்கு உண்டு. அரசு ஒரு கையால் அளித்த பயணச் சலுகையின் ஒரு பகுதியை நகரமைப்பு முடிவு மறு கையால் திரும்பப் பெறக்கூடும் என்பதை, பேருந்து நிலையத்துக்கு இடம் தேடுவோர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

திண்டிவனத்தின் கதை வேறு. அங்கே புதிய பேருந்து நிலையம் என்ற பேச்சு, இடத்தேர்வுத் தகராறுகளால் பல பத்தாண்டுகள் இழுபட்டது. அதற்குள் நெடுஞ்சாலை தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டது. சென்னை வண்டிகள் பல ஊருக்குள் நுழையாமல் மேம்பாலத்தருகே ஆள் இறக்கிச் செல்லப் பழகியதும், செஞ்சி, மரக்காணம், புதுச்சேரி செல்வோர் அங்கேயே வண்டி மாறத் தொடங்கியதும், வெயிலுக்கும் மழைக்கும் பாலத்தின் நிழலே கூரையாக, திட்டமிடாத ஒரு நிலையம் உருவாயிற்று. டீக்கடையும் பழவண்டியும் பூக்கூடையும் அதைப் பின்தொடர்ந்தன. நகராட்சி இடத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஓட்டுநரும் பயணியும் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. மேம்பாலத்தடி போன்ற இடங்களை ஆக்கிரமிப்பாகக் காண்பதா, சந்தையாகக் காண்பதா என்பதை அந்தக் குழுவின் முன் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

புதிய நிலையங்களை நகராட்சிகள் விரும்புவதற்கு நெரிசல் தவிர வேறொரு தூண்டுதலும் உண்டு. பேருந்து நுழைவுக் கட்டணம், கடை வாடகை ஏலம், கட்டணக் கழிப்பறைக் குத்தகை, இருசக்கர வாகன நிறுத்தக் குத்தகை ஆகியவை சொத்துவரிக்கு அப்பால் நகராட்சி தானே ஈட்டும் வருவாய்களாகும். பழைய கடைவீதியில் அதற்குச் சொந்தமான கடைகள் சில, புதிய வளாகத்தில் அனைத்தும் அதற்கே சொந்தம். அமெரிக்க நகரங்கள் கையாளும் வரி உயர்வு நிதியம் என்ற முறை, அதாவது ஒரு பகுதியின் வரி மதிப்பை ஓராண்டு நிலையில் நிறுத்தி, அதன்பின் ஏறும் வரியை மட்டும் அப்பகுதியின் மேம்பாட்டுக் கடனுக்கு ஒதுக்குவது, இங்கே வழக்கத்தில் இல்லை. எனவே பேருந்து நிலையத்தைச் சுற்றி ஏறும் மனை மதிப்பின் பெரும்பகுதி, இடம் எங்கே என்று முன்கூட்டி அறிந்தவர்களுக்குச் சேர்கிறது. இடத்தேர்வுத் தகராறுகள் ஏன் இவ்வளவு நீளுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதையும் பார்க்க வேண்டும்.

பெருநகரங்களின் முன்மாதிரியும் இதில் பங்கு வகிக்கிறது. கோயம்பேட்டுக்கு 1996இல் காய்கறிச் சந்தையும் 2002இல் பேருந்து நிலையமும் போயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபோது தென்மாவட்டப் பயணிகள் இறங்குமிடம் மீண்டும் தெற்கே தள்ளிப்போயிற்று. சென்னை அந்தத் தூரத்தை மாநகரப் பேருந்தாலும் ரயிலாலும் ஓரளவு ஈடுகட்ட முடியும், விழுப்புரத்தால் முடியாது. 2015இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன. விழுப்புரமும் திண்டிவனமும் அதில் இல்லை. 2019இல் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைவீதியைப் போன்றதொன்றைச் சிறுநகரங்களும் கேட்கத் தொடங்கியுள்ள நிலையில், கலமசூவின் அனுபவத்தை அவற்றின் முன் வைப்பது பயனுடையது. பேருந்தை அருகில் வைத்துக்கொண்டு காரையும் சரக்கு வண்டியையும் நேர வரம்புக்குள் கொண்டுவரும் நடைவீதி நிலைக்கக்கூடும். பேருந்தையும் அகற்றிவிட்டு அமைக்கும் நடைவீதியில் நடப்பதற்கு ஆள் வேண்டும்.

எஞ்சுவது அதிகாரம் பற்றிய கேள்வி. பேருந்து நிலையம் எங்கே என்ற தீர்மானம் நகர்மன்றத்தில் நிறைவேறுகிறது, அரசின் நகராட்சி நிர்வாகத் துறை நிதியும் ஒப்புதலும் அளிக்கிறது. எண்ணாயிரத்தாரும் பிரம்மதேசத்தாரும் இவ்விரு இடங்களிலும் தரப்பினர் அல்லர். ஆனால் 1992இன் 74ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 243 இசட்.டி. பிரிவு, மாவட்டத் திட்டக் குழு ஒன்றை அமைத்து, அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினரை மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களிலிருந்து, ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விவகாரங்கள், குறிப்பாக இட அமைப்புத் திட்டமும் நீர் முதலிய இயற்கை வளங்களின் பகிர்வும், அக்குழு கருத்தில் கொள்ள வேண்டியவை என்று அதே பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏரி நிலத்தில் கட்டி, கிராமத்தார் பயன்படுத்தும் பேருந்து நிலையம் இவ்விரண்டுக்குள்ளும் அடங்கும். விழுப்புரம் போன்ற மாவட்டத்தில் அந்த விகிதம் ஊரகத்துக்குப் பெரும்பான்மை தரும். நிலையத்தின் இடம், பழைய நிலையத்தில் எந்தப் பேருந்துகள் தொடர்ந்து நிற்கும், இரண்டுக்கும் இடையே கட்டணமில்லா நகரப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று ஓடும் என்ற மூன்றையும் நகர்மன்றத் தீர்மானத்துக்கு முன் அக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்க, அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. மாநில அரசின் விதித் திருத்தம் ஒன்றே போதுமானது.