சுண்டெலி சொல்லித் தந்ததும் சொல்லாததும்

என் மகளுக்கு ஒரு வயதில் யப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி போட்ட பிறகே அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சுண்டெலி இல்லாமல் அந்த வரலாறு இல்லை.

1930 இல் மக்ஸ் தைலர், மஞ்சள் காய்ச்சல் வைரசைச் சுண்டெலியின் மூளைக்குள் செலுத்தி வளர்க்கலாம் எனக் காட்டினார். அதுவரை குரங்குகளை நம்பியிருந்த ஆய்வு இலகுவானது.

யப்பானிய மூளையழற்சி, வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பால் பரவுகிறது. பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் இந்த வைரசு பெருகும். தோலின் கீழ் இதைச் செலுத்தினால், குட்டிச் சுண்டெலிகள் இறந்துவிடும். வளர்ந்தவை பெரும்பாலும் தப்பிவிடும். மூளையைக் காக்கும் குருதித் தடுப்பு எப்படி உடைகிறது என்பதையும் சுண்டெலிகளே காட்டின: வைரசு முதலில் மூளைக்குள் நுழைகிறது, பின்னர் எழும் அழற்சியே தடுப்பை உடைக்கிறது.

ஆனால் எலி மனிதனல்ல. எலிகளைக் காப்பாற்றிய மினோசைக்கிளின், இந்தியாவில் மூளையழற்சி நோயாளரின் மரணங்களைத் தெளிவாகக் குறைக்கவில்லை. இந்நோய்க்கெனத் தனி மருந்து இன்றும் இல்லை.

தடுப்பூசிதான் உண்டு. 1980களில் அநுராதபுரத்தில் நோய் பரவியதையடுத்து, 1988 இல் இலங்கையில் அது அறிமுகமானது. சுண்டெலி மூளையில் வளர்த்துக் கொல்லப்பட்ட வைரசே அந்த ஊசி. 2009 இலிருந்து, கலங்களில் வளர்த்த, வலுவிழக்கச் செய்த வைரசு பயன்படுகிறது.

வயலோரம் வாழும் நாம் செய்யக்கூடியது ஒன்று: பிள்ளையின் கிளினிக் அட்டையில் இந்த ஊசி பதியப்பட்டுள்ளதா என இன்றே பாருங்கள்.