மரம் எழுதிய வரலாறு

வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் சான்றாகக் கொள்வர். ஆயினும், மன்னன் வென்ற போரைக் கூறும் கல், அப்போர் நிகழ்ந்த ஆண்டிலே மழை பெய்ததா, பயிர் விளைந்ததா என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. இக்குறையை நிறைவு செய்யும் சான்றொன்று ஐரோப்பியக் காடுகளிலே ஆண்டுதோறும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை எழுதியது ஓக் மரம்.

குளிர்காலத்தில் உறங்கும் இம்மரம், இளவேனிலில் இலைகள் முற்றாக விரியுமுன்னரே, நீரை மேலேற்றும் அகன்ற குழாய்களை ஆக்கிக்கொள்கின்றது. பின்னர்க் கோடையிலே செறிந்த, கடினமான பகுதி வளர்கின்றது. இவ்விரண்டுஞ் சேர்ந்ததே ஓராண்டின் வளையம். மழை போதியதாயின் வளையம் அகலும். வறட்சி வந்துற்றால் மரம் நீரைக் காக்கும்பொருட்டு இலைத்துளைகளை மூடும், உணவாக்கம் குறையும், வளையம் ஒடுங்கும்.

வளையத்தின் பருமனுக்கும் ஆண்டின் ஈரத்துக்கும் தொடர்புண்டென்பதை லியனார்டோ டாவின்சி அக்காலத்திலேயே குறித்துவைத்தார். 1737ஆம் ஆண்டளவில் பிரான்சிய அறிஞரான டுயமெல், பியூபொன் என்போர், வெட்டிய மரங்களிலே உறைபனியாற் சிதைந்த வளையமொன்றைக் கண்டு, பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணினர். அது 1709இன் கொடுங்குளிர் விட்டுச்சென்ற வடுவென அறிந்தனர். இதனைத் தனித்துறையாக வளர்த்தவர் அமெரிக்க வானியலாளர் டக்ளஸ். ஞாயிற்றின் கரும்புள்ளிகளுக்கும் பருவநிலைக்குமுள்ள உறவை ஆராயப் புகுந்த அவர், 1929இல் அரிசோனாவின் பைன் மர உத்திரமொன்றைக் கொண்டு, பழங்குடியினரின் பாழடைந்த குடியிருப்புகளுக்கு ஆண்டு கணித்தார்.

ஓக் மரம் ஆண்டு வளையத்தைத் தவறவிடுதல் மிக அரிது. ஒரு நிலப்பரப்பின் மரங்கள் ஒரே வறட்சியையும் ஒரே மழையையும் பெறுவதால், அவற்றின் அகல், ஒடுங்கு வளையங்கள் ஒரே வரிசையில் அமையும். இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்கள் பழைய தேவாலய உத்திரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். உத்திரத்தின் உள்வளையங்கள் சதுப்பு நிலத்திற் புதைந்த மரத்தோடு பொருந்தும். இவ்வாறு சங்கிலிபோற் கோத்து, பெல்பாஸ்ட் நகர அறிஞர் ஜேர்மானிய அறிஞரோடு இணைந்து, 7,272 ஆண்டுகளின் தொடரை 1984இல் வெளியிட்டனர்.

அத்தொடரிலே கி.பி. 536ஆம் ஆண்டும் 540ஐ அடுத்த ஆண்டுகளும் கவனத்தை ஈர்ப்பன. அயர்லாந்து ஓக் மரங்களின் வளையங்கள் அக்காலத்தில் மிக ஒடுங்கின. ஞாயிறு திங்களைப்போல ஒளி குன்றியிருந்ததெனப் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியசு எழுதினார். உணவுக்கான தானியம் பொய்த்ததென அயர்லாந்தின் ஆண்டுக் குறிப்புகள் கூறின. எரிமலைகள் கக்கிய தூசும் புகையும் வானை மறைத்தன என்பதைத் துருவப் பனிப்படிவுகள் பின்னர் உறுதிசெய்தன. மரமும் மனிதனும் பனியும் தனித்தனியே கூறிய சாட்சி ஒன்றாயிற்று.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஓக் மரங்களின் வளையங்களிலிருந்து மத்திய ஐரோப்பாவின் 2,500 ஆண்டு மழையைக் கணித்தது. கி.பி. 250க்கும் 600க்கும் இடையே பருவநிலை பெரிதும் தளம்பியதென அது காட்டிற்று. மேலை உரோமப் பேரரசு சரிந்ததும் அக்காலத்திலேயே. எனினும், மழை பொய்த்தமையால் மட்டும் பேரரசு வீழ்ந்ததெனக் கூறுதல் பொருந்தாது. பஞ்சத்தைத் தாங்கும் வலிமை ஓர் அரசிடம் இருந்ததா என்பதை மனிதனின் ஆவணங்களே கூறவேண்டும்.

ஆவணமே இல்லாத மாந்தருக்கோ மரமே வரலாறு. இங்கிலாந்தின் சமர்செற் சதுப்பிலே, எழுத்தறியாக் காலத்து உழவர் ஓக் பலகைகளால் நடைபாதையொன்று அமைத்தனர். அவர்களின் பெயரும் மொழியும் மறைந்தன. ஆயினும், கி.மு. 3807க்கும் 3806க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் அவர்கள் அம்மரங்களை வெட்டினர் என்பதை இன்று உலகம் அறியும்.